இரு கடற்கரைகளில் பாண்டு வாத்தியம்

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், திருவொற்றியூருக்கு மேற்கே உள்ள மணலியில் முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் தங்கியிருந்த இராமசாமி தீட்சிதரின் குமாரர்கள், முதலியாரின் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாருடன் சென்னைக் கோட்டைக்குச் சென்று அங்கே ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு வந்தார்கள் என்பதும், அந்தக் கேள்வியின் பயனாக முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்த நோட்டுசுர உருப்படிகள் சுமார் 40 நமக்குக் கிடைத்தன என்பதும், அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வித்துவான் ஒருவரிடம் பிடில் பயின்று அதைக் கர்நாடக சங்கீதத்துக்கு உரிய வாத்தியமாக்கினார் என்பதும், சங்கீத சரித்திரம் அறிந்தோர் யாவரும் எடுத்துரைக்கும் செய்திகள். அதே ஆங்கிலேய ராணுவத்தின் பித்தளைக் குழல்களும் முரசுகளும் 19-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டுகோஸ்டு என்னும் கரையிலும், அதாவது இன்றைய கானா நாட்டிலும், கப்பலிலிருந்து இறங்கி என்ன விளைவித்தன என்பது நம்மவர் அதிகம் கேட்டறியாத செய்தி.

அங்கே ஒரு நூற்றாண்டுக்குள் அக்கருவிகளிலிருந்து ஹைலைஃப் என்னும் சங்கீத வகை ஒன்று பிறந்தது. அதை வாசிப்பதற்கென்றே டெம்போஸ் முதலிய நடன பாண்டுக் குழுக்கள் தோன்றின. அக்குழுக்களின் பாட்டைக் கேட்டு ஆடியே ஒரு தேசம் தன் சுதந்திரத்தைக் கொண்டாடியது. நம் பக்கத்திலோ அதே கருவிகள், இத்தனை காலம் கழித்தும், மாப்பிள்ளை ஊர்வலத்தின் முன்னே தெருவில் நடந்துகொண்டிருக்கின்றன. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கேட்டால், ஆப்பிரிக்கருக்குத் தாளம் இயற்கை, தமிழருக்குப் பக்தி இயற்கை என்று சொல்லிக் கைகழுவிவிடுவோர் பலர். அந்த விளக்கம் எனக்கு உடன்பாடன்று. வாத்தியக்காரனுக்குக் கூலி கொடுத்தவர் யார், எந்த இடத்தில் நின்று வாசிப்பதற்காகக் கொடுத்தார் என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டு, இரத்தம், இயற்கை முதலிய பெரிய வார்த்தைகளைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

இவ்விரு கரைகளும் ஒன்றையொன்று முற்றிலும் அறியாதவையாக இருந்ததில்லை. ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் ஏரியின் தென்கோடியில் உள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிச் சோழமண்டலக் கரையின் துணி வியாபாரத்துக்கு அதைத் தலைமையிடமாக்கினார்கள். அதே டச்சுக்காரரின் மற்றொரு கம்பெனி 1637-இல் கோல்டுகோஸ்டின் எல்மினா கோட்டையைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றியது. சோழமண்டலத்துத் துணி ஐரோப்பியத் துறைமுகங்களின் வழியே மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று, அங்கே பொன்னுக்கும், சொல்ல மனம் கூசுகின்ற அடிமை வியாபாரத்துக்கும் பண்டமாற்றாக விலைபோயிற்று. சென்னையைச் சுற்றிய கைத்தறிகளில் நெய்யப்பட்ட கட்டம் போட்ட கைக்குட்டைத் துணியை நைஜர் நதிமுகத்துக் காலபாரி மக்கள் தங்கள் சடங்குகளுக்கே உரிய ஆடையாக ஏற்று, அதன் இழைகளைச் சிலவிடங்களில் அறுத்தெடுத்துத் தாங்களே புதிய கோலம் காட்டும் கலையொன்றையும் வளர்த்துக்கொண்டார்கள். கிழக்கு நைஜீரியாவில் விவாகத்துக்குப் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் உயர்ந்த துணிக்கு இன்றும் ஜார்ஜ் என்றே பெயர். நம் செயிண்ட் ஜார்ஜ் கோட்டையின் பெயரே அது என்பர். நம் தறியின் துணியைத் தன் வழக்கத்துக்கு வளைத்துக்கொண்ட அந்தச் சமூகங்களின் பக்கத்திலேதான் ஆங்கிலேயனின் குழலும் வளைந்தது.

கேப் கோஸ்ட், எல்மினா முதலிய துறைமுகக் கோட்டைகளில் உள்ளூர் ஆப்பிரிக்கரைக் கொண்டே பாண்டு அமைக்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கிவிட்டது. ஆயினும் அவர்கள் வாசித்தவை அணிவகுப்புக்குரிய ஆங்கில மெட்டுகளே. மாறுதல் 1873-74-இல் அசாந்தி அரசுடன் ஆங்கிலேயர் நடத்திய யுத்தத்தோடு வந்தது. அந்த யுத்தத்தை முன்னிட்டு ஆங்கிலேயர் தங்கள் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கறுப்புச் சிப்பாய்களின் படைப்பிரிவுகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். யுத்தம் முடிந்த பின்னும், அந்நூற்றாண்டின் இறுதிவரை, ஆயிரக்கணக்கான மேற்கிந்தியச் சிப்பாய்கள் மாறி மாறி அக்கரையில் தங்கினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் சிவப்பு அங்கியும் பித்தளைக் குழலுமாகத் திரும்பி வந்தது சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று. அவர்கள் பணிநேரத்தில் அணிவகுப்பு மெட்டை வாசித்தார்கள். ஓய்வு நேரத்தில் தங்கள் தீவுகளின் துள்ளல் பாட்டுகளை அதே குழல்களில் வாசித்தார்கள். இராணுவக் கருவியில் தன் ஊர்ப் பாட்டையும் வாசிக்கலாம் என்பதைப் பாடம் நடத்தாமலே காட்டிக்கொடுத்தது அந்த ஓய்வுநேர வாசிப்புத்தான். 1880-களில் ஃபாண்டி இன மக்களின் கரையோர ஊர்களில் அடஹா என்னும் உள்ளூர்ப் பித்தளை பாண்டு சங்கீதம் எழுந்தது. அதிகாரிகளும் பாதிரிமாரும் முகம் சுளித்தும் அது ஊர் ஊராகப் பரவியது. தீட்சிதர் சகோதரர்கள் கோட்டையில் கேட்ட பாண்டுக்கும் அவர்கள் வீட்டுச் சங்கீதத்துக்கும் இடையில் இவ்வாறு நின்று கைகாட்டத்தக்க ஒரு கூட்டம் இருந்ததில்லை என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோல்டுகோஸ்டின் துறைமுகங்களில் இதற்குள் ஒரு புதிய வர்க்கம் உருவாகியிருந்தது: வக்கீல்கள், குமாஸ்தாக்கள், உபாத்தியாயர்கள், கோக்கோ வியாபாரத்தில் பணம் சேர்த்தவர்கள். இவர்களுக்காக 1914-இல் அக்ராவில் எக்ஸெல்சியர் ஆர்க்கெஸ்ட்ரா தோன்றியது. அதைத் தொடர்ந்து ஜாஸ் கிங்ஸ், கேப் கோஸ்ட் சுகர் பேபீஸ் முதலிய பெருங்குழுக்கள் வந்தன. பிடில்களும் குழல்களும் நிறைந்த இக்குழுக்கள் வால்ட்ஸ், பாக்ஸ்டிராட் முதலிய ஐரோப்பிய நடனங்களுக்கு வாசித்து, இடையிடையே தெருவில் வழங்கிய உள்ளூர்ப் பாட்டையும் எடுத்து ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஏற்ப அமைத்து வாசித்தன. ஒரு ஜோடிக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டணம் செலுத்தி, மாலை உடையும் அணிந்து வருவோருக்கே மண்டபத்தில் இடம். வெளியே வேலி ஓரமாக நின்று கேட்ட ஏழை ஜனங்கள், தங்கள் தெருப்பாட்டே உள்ளே பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு ஆடுவதைக் கண்டு, இது மேல்தட்டு வாழ்வு என்று சூட்டிய பெயரே ஹைலைஃப் என்று டெம்போஸ் தலைவரின் தமையனான யெபுவா மென்சா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கட்டணம் கொடுக்க இயலாத அந்த ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. விலைமிகுந்த குழல்களை விட்டுவிட்டு, முரசையும் தொண்டையையும் மட்டும் கொண்டு கொன்கோமா என்னும் வகையை 1930-களில் ஊர்ப்புறமெங்கும் ஆடினார்கள். தெருவிலிருந்து மண்டபத்துக்குச் சென்ற பாட்டு, மண்டபத்திலிருந்து மீண்டும் தெருவுக்கு வந்தது. இந்தப் போக்குவரத்து அறுபடாமல் நடந்ததே ஹைலைஃபின் ஜீவன் என்று நான் கருதுகிறேன்.

டெம்போஸின் தலைவரான எம்மானுவேல் டெட்டே மென்சா 1919-இல் அக்ராவில் பிறந்தவர். லாம்ப்டே என்னும் பள்ளி உபாத்தியாயர் நடத்திய சிறுவர் குழுவில் சிறு புல்லாங்குழல் வாசிக்கத் தொடங்கி, பிறகு சாக்ஸபோனும் டிரம்பெட்டும் பயின்று, தமையன் யெபுவாவோடு அக்ரா ரிதமிக் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தார். ஜீவனத்துக்கு அவர் மேற்கொண்டது மருந்தாளர் உத்தியோகம். பகலில் மருந்து கலக்கிக் கொடுத்துவிட்டு இரவில் குழல் ஊதுவது அக்காலத்து அக்ராவில் விசேஷமான காரியமும் அல்ல. சங்கீதத்தை மட்டுமே நம்பினால் அடுப்பு எரியாது என்ற தெளிவு வாத்தியக்காரர்களிடையே உலகெங்கும் ஒன்றுபோலவே இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் அக்ராவை நேசநாட்டுப் படைகளின் விமானத்தளமாக்கிற்று. அமெரிக்க, ஆங்கிலச் சிப்பாய்கள் வந்து குவிந்தார்கள். அவர்கள் கேட்டது வால்ட்ஸ் அன்று, அப்போது அமெரிக்காவில் பிரசித்தமாயிருந்த ஸ்விங் சங்கீதம். ஜாக் லெப்பர்டு என்னும் சார்ஜண்ட் நடத்திய குழுவில் சேர்ந்த மென்சா, சிறு குழுவொன்று கட்டுக்கோப்புடன் எவ்வாறு வாசிக்க வேண்டும், சாக்ஸபோனில் நாதத்தை எவ்வாறு திருத்தமாக எழுப்ப வேண்டும் என்பவற்றை அங்கே கற்றார். டெம்போஸ் குழுவும் யுத்தகாலத்தில் வெள்ளையர் சிலரால் சிப்பாய்களின் கேளிக்கைக்கெனத் தொடங்கப்பட்டதே. அவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தாய்நாடு திரும்ப, அது ஆப்பிரிக்கர் கைக்கு வந்து, 1940-களின் இறுதியில் மென்சாவின் தலைமையில் நிலைபெற்றது. பிற்காலத்தில் கோஃபி கனாபா என்று பெயர் மாற்றிக்கொண்ட கய் வாரன் அதன் முரசு வாத்தியக்காரர். அவர் லண்டனில் சிறிது காலம் வாசித்துவிட்டுத் திரும்பியபோது கியூபா நாட்டுத் தாளக் கருவிகளையும் அவற்றின் நடையையும் உடன் கொண்டுவந்தார். பழைய ஆர்க்கெஸ்ட்ராக்களின் பிடில் வரிசை மறைந்தது. டிரம்பெட், சாக்ஸபோன், டிராம்போன், கிதார், இரட்டை பாஸ், முரசுகள், மரக்காஸ் என்று பத்துப் பேருக்குள் அடங்கும் குழு, ஸ்விங்கின் கட்டுக்கோப்பும் கரீபியத் தாளமும் உள்ளூர்ப் பாட்டும் கலந்த ஒன்றை வாசிக்கலாயிற்று.

1950 முதல் டெம்போஸ் நைஜீரியாவுக்குப் பயணம் செய்தது. லாகோஸ் நகரத்து பாண்டுகள் அதுவரை அயல்நாட்டு நடன மெட்டுகளையே பெரிதும் வாசித்துக்கொண்டிருந்தன. மென்சாவின் வருகைக்குப் பின் பாபி பென்சனும், அவரை அடுத்து விக்டர் ஒலையாவும் ஹைலைஃபுக்குத் திரும்பி, அதை அந்நாட்டின் நடன சங்கீதமாக்கினார்கள். 1952 முதல் டெக்கா கம்பெனி டெம்போஸின் பாட்டுகளை இசைத்தட்டுகளாக வெளியிட்டது. கா, ட்வி, ஃபாண்டி, ஏவே, ஆங்கிலம் என்று பல மொழிகளில் அக்குழு பாடியது. இது பெருந்தன்மையின் விளைவு என்பதைவிட வியாபார அவசியத்தின் விளைவு என்பதே பொருந்தும்: எந்த ஊரில் ஆடுவோர் கட்டணம் செலுத்துகிறார்களோ அந்த ஊரின் பாஷை பாட்டுக்குள் வந்தது. ஜூலி ஒக்கினே என்னும் பெண்மணி ஆண்களே நிறைந்த அக்குழுவில் முன்னின்று பாடினார். பெண் மேடையேறி நடன பாண்டுடன் பாடுவதைக் குடும்பங்கள் இழிவாகக் கருதிய காலம் அது என்பதை எண்ணும்போது அவருடைய துணிவு சாதாரணமானதன்று.

1956 மே மாதம் அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்டிராங் அக்ராவுக்கு வந்தார். விமானத்திலிருந்து இறங்கியவரை உள்ளூர் பாண்டுகள் ஒன்றுகூடி ஹைலைஃப் வாசித்து வரவேற்க, அவரும் தம் டிரம்பெட்டை எடுத்து அதே மெட்டில் சேர்ந்துகொண்டார். அன்றிரவு பாரமவுண்ட் கிளப்பில் அவரும் மென்சாவும் ஒரே மேடையில் வாசித்தார்கள். மறு ஆண்டு, 1957 மார்ச் 6-ஆம் தேதி, கோல்டுகோஸ்டு கானா என்னும் சுதந்திர நாடாயிற்று. அந்தச் சுதந்திரத்தைப் போற்றி டெம்போஸ் இயற்றிய பாட்டு நாடெங்கும் ஒலித்தது. கிங் புரூஸ் 1952-இல் தொடங்கிய பிளாக் பீட்ஸ், ஜெரி ஹான்சன் 1960-களின் தொடக்கத்தில் தொடங்கிய ராம்ப்ளர்ஸ் முதலிய குழுக்களும், கானாவின் தலைவரான நிக்ரூமாவின் அரசாங்கம் தன் செலவில் பல ஸ்தாபனங்களுக்கு அமைத்துக்கொடுத்த பாண்டுகளும் அப்பரம்பரையின் கிளைகளே.

இக்கதையில் நம் நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பர்மா யுத்தத்துக்கென 1943 முதல் மேற்கு ஆப்பிரிக்காவின் 81, 82-ஆம் படைப்பிரிவுகள் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அரக்கான் காடுகளில் தலையில் சுமை தூக்கிச் சென்று போரிட்ட அச்சிப்பாய்கள், ஊர் திரும்பக் கப்பல் கிடைக்கும்வரை இந்தியாவின் முகாம்களில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களை மகிழ்விக்கும் பொருட்டுப் பாப் வான்ஸ் என்பவர் இந்தியாவிலேயே பர்மா ஜோக்கர்ஸ் என்னும் நாடகக் குழுவை அமைத்தார். ஊர் திரும்பியபின் கானாவின் ஹைலைஃப் நாடக மேடையில் நிலைபெற்ற பெயர்களில் அவருடையதும் ஒன்று. 1948 பிப்ரவரி 28-ஆம் தேதி, தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட உதவித்தொகையைக் கேட்டு அக்ராவில் ஊர்வலம் சென்ற முன்னாள் சிப்பாய்கள்மீது போலீஸார் சுட்டதில் மூவர் மாண்டார்கள். கானாவின் சுதந்திரப் போராட்டம் அன்றுமுதல் வேகம் பிடித்தது. அவ்வாண்டுகளில் அதே நகரத்து மண்டபங்களில் டெம்போஸ் வாசித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு ஆடியவர்களும் அந்த ஊர்வலத்தைக் கண்டு கொதித்தவர்களும் ஒரே ஜனங்கள்.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர், 1798 முதல் 1832 வரை ஆண்ட காலத்தில், அரண்மனையில் ஐரோப்பிய முறையில் பாண்டு வைத்துக்கொண்டார். மேற்கத்திய சுரலிபியில் எழுதப்பட்ட உருப்படிகளைச் சேகரித்தார். மைசூர் அரண்மனையும் இவ்வாறே பாண்டு வளர்த்தது. இவர்களுடைய வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் கஜானாவிலிருந்து வந்தது. கேட்டவர்கள் சபையிலே அமர்ந்திருந்தார்கள், அல்லது ஊர்வலத்தை ஒதுங்கி நின்று பார்த்தார்கள். கட்டணம் செலுத்தி எழுந்து ஆடிய ஒரு கூட்டம் இங்கே இல்லை. ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் வழக்கம் நம் சமூகத்தின் எந்தத் தட்டிலும் மரியாதைக்குரியதாக இருந்ததில்லை. நடனம் என்பது ஒருவர் ஆடப் பலர் பார்க்கும் கலையாக, அதுவும் ஒரு குலத்துப் பெண்டிரின் தொழிலாக, நின்றுவிட்டது. சதிர் எனப்பட்ட அந்த நடனத்தின் வாத்தியக் குழுவான சின்னமேளத்தில் முகவீணையின் இடத்தைக் கிளாரினெட் பிடித்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஐரோப்பியக் கருவி தமிழ் நடனத்துக்குள் நுழைந்த ஒரே கதவு அதுதான். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் தேவதாசி முறையைத் தடுத்தபோது, நியாயமாகவே தடுத்தது எனினும், ஏற்கெனவே ஒடுங்கியிருந்த அந்தக் கதவும் சாத்தப்பட்டது.

ஆகவே கருவிகள் இரண்டு திசைகளில் பிரிந்தன. ஒன்று கச்சேரி மேடை. கர்நாடக சங்கீதத்தின் கமகத்துக்கு வளையக்கூடிய கருவியே அந்த மேடையில் நிலைக்க முடியும். விரலை வழுக்கி எடுக்கலாமாகையால் பிடில் உடனே வென்றது, சாவிகள் பொருந்திய கிளாரினெட் ஏ. கே. சி. நடராஜனைப் போன்ற மேதைக்காகக் காத்திருக்க நேர்ந்தது. சாக்ஸபோனுக்கோ, மைசூர் அரண்மனை பாண்டில் அதைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத் வந்து, அதன் சாவியமைப்பையே மாற்றிக்கொண்டு வாசித்தபிறகுதான் மேடை கிடைத்தது. மென்சாவின் கையில் அந்த வாத்தியம் மாறவில்லை, சங்கீதம் மாறியது. கோபால்நாத்தின் கையில் சங்கீதம் மாறவில்லை, வாத்தியம் மாறியது. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்பது வீண்வாதம். ஆனால் எந்தச் சமூகத்தில் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பது இதில் தெளிவாகப் புலப்படுகிறது.

மற்றொரு திசை தெரு. ஜானவாசத்துக்குத் திறந்த மோட்டார் வண்டி, தலைமேல் எரியும் காஸ் விளக்கு, முன்னே பாண்டு வாத்தியம் என்று சென்னை மாகாணத்து விவாகங்களில் ஒரு சம்பிரதாயம் ஏற்பட்டது. நாகஸ்வரமும் தவிலும் மங்கள காரியத்துக்கு, பாண்டு ஆடம்பரத்துக்கு என்று வேலை பங்கிடப்பட்டது. பரம்பரை மேளக்காரர் அல்லாத பல ஜாதியினருக்கும், தேவாலயப் பாட்டு மூலம் சுரலிபி அறிந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இது ஒரு ஜீவனோபாயமாயிற்று. சென்னையில் புகழ் பெற்ற நாதமுனி பாண்டு கீர்த்தனைகளையே பித்தளைக் குழல்களில் வாசித்துக் காட்டியது. பட்டணம் சுப்பிரமணிய ஐயர் கதனகுதூகல ராகத்தில் இயற்றிய கீர்த்தனை, பாண்டுக்கென்றே பிறந்ததுபோல் அமைந்து, குழுக்களின் பிரியமான உருப்படியாயிற்று. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இயற்றிய இங்கிலீஷ் நோட்டை மதுரை மணி ஐயர் கச்சேரியில் பாடி ரசிகர்களைப் பரவசப்படுத்தினார். இவற்றையெல்லாம் பார்த்தால், நம்மவர்க்கு பாண்டின் ருசி இல்லாமலில்லை என்பது விளங்கும். இல்லாதிருந்தது, அக்குழு இரவு முழுவதும் ஓரிடத்தில் இருந்து வாசித்து, கேட்போரின் காலைப் பார்த்துத் தன் தாளத்தைத் திருத்திக்கொள்ளத்தக்க ஒரு மண்டபம்.

ஊர்வலம் வாத்தியக்காரனிடம் கேட்பது வேறு. நடந்துகொண்டே வாசிக்க வேண்டுமாகையால் இரட்டை பாஸும் பியானோவும் உதவா; தெருவின் இரைச்சலை மீற வேண்டுமாகையால் உரத்த குழலே வேண்டும்; வீட்டுக்கு வீடு கேட்போர் மாறுவதால் எல்லாரும் அறிந்த மெட்டையே எடுக்க வேண்டும். விவாக வீட்டார் கூலி கொடுப்பது ஒரு மாலைப்பொழுதுக்கு. அடுத்த முறை அதே குழுவைத் தேடி அவர்கள் வர வேண்டிய அவசியமில்லை. இந்நிலையில் ஒரு குழுவுக்குத் தனிப் பாணியோ, சொந்தப் பாட்டோ, ரசிகர் கூட்டமோ உண்டாவது எங்ஙனம்? சினிமா வந்தபின் மெட்டின் மூலம் திரைப்பாட்டே என்றாயிற்று.

நடன மண்டபம் சென்னையில் அடியோடு இல்லாமலில்லை. பெரம்பூரில் இரயில்வே ஊழியர்களான ஆங்கிலோ-இந்தியர் தங்கள் இன்ஸ்டிட்யூட்டில் ஜோடியாக ஆடினார்கள். கிளப்புகளிலும் ஓட்டல்களிலும் கோவா நாட்டாரும் ஆங்கிலோ-இந்தியரும் வாசித்தார்கள். ஆனால் அந்த மண்டபத்துக்கும் தெருவுக்கும் இடையில் பாட்டுப் போக்குவரத்து நடக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்ற தமிழன் உள்ளே ஒலித்ததில் தன் பாட்டைக் கேட்கவில்லை. அந்த மண்டபத்து வாத்தியக்காரர் பலர் கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் சினிமாக் குழுவினராகச் சேர்ந்தார்கள். நம் திரைப்பாட்டில் ஒலிக்கும் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் பெரும்பாலும் பெயர் அச்சிடப்படாத அவர்களுடையவை. அக்ராவில் கட்டணம் செலுத்தி ஆடியவர்கள் செய்த காரியத்தை இங்கே சினிமா முதலாளி செய்தார். அதனால் நமக்கு அற்புதமான பாட்டுகள் கிடைத்தன, பாண்டுக் குழுக்கள் கிடைக்கவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் நடன பாண்டுகளும் நெடுங்காலம் தழைத்திருக்கவில்லை. 1966-இல் நிக்ரூமா கவிழ்க்கப்பட்டபின் அரசாங்க ஆதரவு தளர்ந்தது. அமெரிக்க சோல் சங்கீதம் இளைஞரைக் கவர்ந்தது. கிதார் மட்டும் கொண்ட சிறு குழுக்கள் குறைந்த கூலிக்குக் கிடைத்தன. 1982 முதல் 1984 வரை நீடித்த ஊரடங்குச் சட்டம் இரவு வாழ்க்கையையே நிறுத்தியது. இரவில்லாமல் நடன மண்டபம் ஏது? இறக்குமதியாகும் வாத்தியங்கள்மீது கடும் வரி விதிக்கப்பட்டது. வாத்தியக்காரர் பலர் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்து அங்கே மின்கருவிகளோடு புதிய ஹைலைஃபை வளர்த்தார்கள். எஞ்சியோரில் பெரும்பாலோர் தேவாலயங்களை அடைந்தார்கள். கருவியும் சம்பளமும் அங்கே கிடைத்தன. முன்பு குடும்பத்தார் தடுத்த பெண்களாலும் அங்கே தடையின்றிப் பாட முடிந்தது. மண்டபத்துப் பாட்டு ஆலயத்துப் பாட்டாயிற்று, தாளம் மாறவில்லை. மென்சா 1996-இல் காலமானார்.

இன்று நம் கரையில், ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டிப் பகுதியில் பாண்டு செட் வைத்திருப்போர் அம்மன் திருவிழாவுக்கும் விவாகத்துக்கும் வாசிக்கிறார்கள். ஆந்திர எல்லையோரமாகையால் தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் இவர்களுக்கு ஒருங்கே தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. பாடும் பாஷையைக் கேட்போர் தீர்மானிப்பது மென்சாவுக்கு நேர்ந்ததைப் போன்றதே. சிப்காட் தொழிற்பேட்டையின் வேலையாட்களாக வடக்கேயிருந்து வந்திருப்போர் சம்பளக்காரர்கள், இளைஞர்கள், கேளிக்கையை நாடுவோர். 1920-களின் அக்ராவில் ஹைலைஃபை வளர்த்த கூட்டத்துக்கு ஒப்பான கூட்டம் என்றே சொல்லலாம். ஆனால் அவர்கள் கூடி ஆடுவதற்கு இடமில்லை; கையிலுள்ள தொலைபேசியே அவர்களுக்கு மண்டபம். உள்ளூர் விழாக்களிலோ கேரளத்துச் செண்டை மேளமும், டி.ஜே. என்று வழங்கும் ஒலிபெருக்கி வண்டியும் பாண்டின் இடத்தைப் பிடித்து வருகின்றன. கிளாரினெட்டை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவர் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து வருகிறார்கள்.

கானாவின் பாண்டுகளைப்பற்றி இவ்வளவு விவரமாக எழுத முடிவதற்குக் காரணம், ஜான் காலின்ஸ் என்னும் அறிஞர் அந்நாட்டிலேயே தங்கி, வயது முதிர்ந்த வாத்தியக்காரர்களைத் தேடிப்பிடித்து அவர்கள் சொன்னதை எழுதிவைத்து, மென்சாவின் வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டு, 1990-இல் அக்ராவில் இசைத்தட்டுகளுக்கும் புகைப்படங்களுக்கும் ஓர் ஆவணக் காப்பகம் ஏற்படுத்தியதே. நம் பாண்டுக் குழுக்களுக்கு அத்தகைய காப்பகம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்து இசைத்துறையும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் துறையும் இப்பணியை மேற்கொள்ளத் தகுதி வாய்ந்த ஸ்தாபனங்கள். அவை முன்வரும்வரை வாசகர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. உங்கள் ஊரில் பழைய பாண்டு செட்டில் வாசித்த முதியவர் எவரேனும் இருந்தால், அவரிடம் சுரம் எழுதிய நோட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள்; இருந்தால் அவர் சம்மதத்துடன் அதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, யாரிடம் கற்றார், எந்தெந்த ஊரில் வாசித்தார், என்ன கூலி பெற்றார் என்பவற்றையும் எழுதிச் சேர்த்து, அருகிலுள்ள நூலகத்தில் ஒப்படையுங்கள்.